நீலப் பொத்தானை அமுக்கிய ஞாயிற்றுக்கிழமை

வாசலில் வந்து நின்று ஒருவர் ஒன்று கேட்டால், இருந்தால் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று சொல்ல வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் இதுதான் வழக்கம். இந்த வழக்கம் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. (சொன்னார்கள். எங்களிடம் வேலை பார்க்கிற ரஹ்மத் தொண்டை வறளச் சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.)

குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற சாலையில் எங்களுக்கு ஒரு லாட்ஜ் இருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டியது. ஆசையாக என் பெயரையே வைத்தார்: மரகதம் லாட்ஜ். அவர் போன பிறகு முன் மேசைக்குப் பின்னால் இருக்கிற நாற்காலி என்னுடையது. படிப்பு எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எண் நன்றாகத் தெரியும், இங்கிலீஷ் மட்டும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஆனால் ஒரு ஆள் படியேறி வரும்போதே, இவர் போகும்போது நம் துண்டை விட்டுவிட்டுப் போவாரா, பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போவாரா என்று சொல்லிவிடுவேன். அப்படிப் போகக் கூடாது என்றுதான் ஒவ்வொரு துண்டிலும் விரிப்பிலும் ஓரத்தில் 'மரகதம் லாட்ஜ், குற்றாலம்' என்று அழியாத நீல மையில், தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி முத்திரை போட வைத்தேன். அந்த முத்திரையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

என் மகன் முருகேசனுக்கு நான் அந்த நாற்காலியில் இருப்பது பிடிக்கவில்லை. தென்காசி வீட்டில் பெரிய டிவி ஒன்றும், பின்னால் சாய்ந்தால் கால் தானாக மேலே தூக்குகிற மெத்தை நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டுவிட்டான்.

"அம்மா, நீங்க பட்டதெல்லாம் போதும். வீட்ல சாய்ஞ்சு உக்காந்து நாடகம் பாருங்க. இப்பம் எல்லாம் கம்ப்யூட்டரு பாத்துக்கிடும்."

"ஏலே, வாரவங்கள 'வாங்க, சாப்டிங்களா'ன்னு கம்ப்யூட்டரு கேக்குமாலே?"

தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். ஆனால் கதவுகளையெல்லாம் மாற்றிவிட்டான். சாவி போய்விட்டது. இப்போது சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி ஒரு கார்டு. கதவில் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து திறக்கும். மதியம் பன்னிரண்டு மணியோடு அந்தக் கார்டு செத்துப்போகும். இன்னும் கொஞ்ச நேரம் தங்க வேண்டுமென்றால், மேசைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்த சின்னப் பெட்டியில் வைத்து ரஹ்மத் அதற்கு உயிர் கொடுப்பாள். ரஹ்மத் எங்கள் வரவேற்பு மேசைப் பெண். தென்காசிப் பிள்ளை. விரல் அந்தப் பலகையில் தாளம் போடும்.

சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முருகேசனுக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். தவிர்க்க முடியாதது. கிளம்பும்போது என்னைப் பார்த்து, "சரிம்மா. இன்னைக்கு ஒரு நா நீங்க பாருங்க. ஒரு சிக்கலும் இல்லாமப் போச்சுன்னா இனிமே நாற்காலியப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். சிக்கல் வந்துச்சுன்னா நாளையிலேர்ந்து வீட்லதான்" என்றான்.

"போயிட்டு வாலே" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எவ்வளவு திமிர் இருந்தது என்பதை நான் இப்போதுதான் அளந்து பார்க்கிறேன்.

எல்லாக் கதவையும் திறக்கிற பெரிய கார்டும், அவசரச் சாவிக் கொத்தும் அவன் கைப்பையிலேயே திருநெல்வேலிக்குப் போனதை அன்று யாரும் நினைக்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சில நாட்களாகவே ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. ரஹ்மத் வேலை செய்துகொண்டிருக்கும்போது நடுவில் ஒரு கட்டம் வந்து நிற்கும். அதில் ஒரு நீலப் பொத்தான், ஒரு வெள்ளைப் பொத்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வெள்ளையை அமுக்குவாள். கட்டம் போய்விடும். கொஞ்ச நேரத்தில் பாவம் போல மறுபடியும் வந்து நிற்கும்.

"என்னட்டி கேக்குது அது?"

"அப்டேட்டு ஆச்சி. புதுசா என்னமோ அனுப்பிருக்கான். உள்ள ஏத்தணும்னா ஒருக்க அணைஞ்சு எந்திரிக்கணும். நீலத்த அமுக்குனா இப்பமே. வெள்ளைய அமுக்குனா அப்புறம்."

"பின்ன கேக்கதக் குடுக்க வேண்டியதுதான?"

"எப்பம் எந்திரிக்கும்னு சொல்ல முடியாது ஆச்சி. பகல்ல அதுவா அணையாத மாதிரி சர்வீஸ்காரர் செட் பண்ணி வச்சிருக்காரு. நாமளா அமுக்குனாதான் உண்டு. சீசன் கூட்டம் கொறையட்டும்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. எத்தனை தடவை வந்து நிற்கிறது! அத்தனை தடவையும் அப்புறம், அப்புறம் என்று விரட்டினால் அது நம் லாட்ஜைப் பற்றி என்ன நினைக்கும்? (இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.)

அன்று எங்களிடம் தங்கியிருந்தது ஒரு மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம். கோவில்பட்டிப் பக்கம். பெண் வீடு தென்காசியில், கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. மத்தியானத்துக்கு மேல் நிச்சயதார்த்தம். நாலரைக்கு ராகுகாலம் என்பதால் அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். பெண்கள் எல்லோரும் பட்டுக் கட்டி, பூ வைத்து, பெட்டியும் தட்டும் வேனில் ஏற்றிவிட்டு, எங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் மட்டும், குற்றாலம் வந்துவிட்டு எப்படிக் குளிக்காமல் போவது என்று உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, துண்டும் கையுமாக ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சட்டை, வேட்டி, மாப்பிள்ளையின் பட்டு எல்லாம் அறைக்குள். வந்ததும் கார்டுக்கு உயிர் கொடுத்தால் உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பன்னிரண்டு தாண்டி, இரண்டும் தாண்டியது. ரஹ்மத் தொழுதுவிட்டுச் சாப்பிட்டு வரக் கிளம்பினாள்.

"ஆச்சி, அவுக வந்தா உக்கார வைங்க. வெரசா வந்திருதேன். அந்தக் கட்டம் வந்தா ஒண்ணுஞ் செய்யாதீய."

"போயிட்டு வாட்டி. நான் பாக்காத கூட்டமா?"

அவள் படியிறங்கினாள். கட்டம் வந்தது.

நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே சாரல். முன்கூடத்தில் மல்லிகை வாசம். நாற்காலி என்னுடையது, லாட்ஜ் என் பெயரில். கேட்டதைக் கொடுக்க மகனிடமும் வேலைக்காரப் பெண்ணிடமும் அனுமதி வாங்க வேண்டுமா? மவுஸை ரஹ்மத் பிடிக்கிற மாதிரியே பிடித்து, அம்பை நீலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, அமுக்கினேன்.

திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. அடியில் ஒரு எண் வந்தது. எண் எனக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? நூற்றுக்கு மூன்று.

பரவாயில்லை, சாப்பிட உட்கார்ந்திருக்கிறது, எழுந்துவிடும் என்று நினைத்தேன். அது பந்தியில் கடைசி ஆள் மாதிரி சாப்பிட்டது. அருவிக்குப் போனவர்கள் சொட்டச் சொட்ட வந்து நின்றபோது பதினெட்டில் இருந்தது.

முன்னால் மாப்பிள்ளை. இடுப்பில் ஈரத்துண்டு, காது மடலில் எண்ணெய். கார்டை நீட்டினான்.

"கரெண்டு வந்து வந்து போகுதுய்யா. கொஞ்சம் இருங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா மெதுவாக அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேல் காற்றாடி காற்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

துண்டு கட்டிய ஆண்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஈரத்துண்டோடு நிற்கிற ஆண்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரைப் பற்றித் தெரியாதது கிடையாது. ஒருவர் ஒயரைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். ஒருவர் பக்கவாட்டில் தட்டச் சொன்னார். மாப்பிள்ளையின் சித்தப்பா, அவர் ஊர் ஆபீசில் இப்படி ஆனபோது கற்பூரம் காட்டினோம் என்றார். மாப்பிள்ளைதான் திரையை எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"யாரும் ஒயரத் தொடாதீங்க! பாதியில அணைச்சா மொத்தமாப் போயிரும். ஆச்சி, ரீஸ்டார்ட் யாரு குடுத்தா?"

நான் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன்.

"இவன் பெங்களூர்ல இந்த வேலதான் பாக்கான்" என்று சித்தப்பா பெருமையாக எனக்குச் சொன்னார். "ஆபீஸ் கம்ப்யூட்டருக்கெல்லாம் இவன்தான் இந்த அப்டேட்ட அனுப்புதது."

பெரியம்மா எழுந்துவிட்டாள். "ஏலே, ஒன் வேலைதானா இது? அப்பம் நிப்பாட்டுலே!"

"நிப்பாட்ட முடியாது பெரிம்மா."

"அனுப்பத் தெரியுது, நிப்பாட்டத் தெரியாதோ? இதுக்கா அங்கன சம்பளம் குடுக்கான்?"

அந்த நேரத்தில் ரஹ்மத் வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி... நீலமா?"

"நீலந்தான்" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அதைவிடச் சின்னதாக என்னால் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளை மட்டும் சிரித்துவிட்டான். "ஆச்சி செஞ்சதுல ஒரு தப்பும் இல்ல. எங்க ஆபீஸ்ல எல்லாரும் தள்ளித் தள்ளிப் போடுவாங்க, நாங்க கெஞ்சிக்கிட்டே இருப்போம். கேட்டதும் குடுத்த ஒரே ஆளு நீங்கதான். நேரந்தான் கொஞ்சம் எசகுபெசகாப் போச்சு."

முருகேசனுக்குப் போன் அடித்தாள் ரஹ்மத். கல்யாண வீட்டு மேளத்தில் அவன் எடுக்கவில்லை. எடுத்தாலும் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்வதற்குள் ராகுகாலம் வந்துவிடும். எண் முப்பத்தைந்தில் வந்து படுத்துக்கொண்டது. என் கண்ணில் தென்காசி வீட்டு மெத்தை நாற்காலி தெரிந்தது. அது கால் தூக்கி என்னைக் கூப்பிட்டது.

சரி, நாற்காலி போனால் போகட்டும். என் வாசலில் வந்து நின்ற மாப்பிள்ளை துண்டோடு பெண் வீட்டுக்குப் போகக் கூடாது.

"ஏட்டி ரஹ்மத், துணி அறையத் தொற. சலவையிலேருந்து வந்த வெள்ளை விரிப்பெல்லாம் எடு!"

(துணி அறைக்கு மட்டும் பழைய பூட்டு. சாவி என் இடுப்பில். அதை மாற்ற நான் விட்டதில்லை.)

கஞ்சி போட்ட விரிப்பை மடித்துப் பிடித்தால் எட்டு முழ வேட்டி தோற்றுப்போகும். மாப்பிள்ளைக்கும் அவன் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நானே மடிப்புப் பிடித்துக் கொடுத்தேன். வேன் டிரைவரின் வெள்ளைச் சட்டை மாப்பிள்ளைக்கு ஏறியது. டிரைவர் பனியனோடு வண்டி ஓட்டினார். மற்ற இருவரும் புதுத்துண்டைப் போர்த்திக்கொண்டார்கள். மோதிரம் நல்லவேளையாகப் பெரியம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. மிச்ச ஆண்கள் ஈரத்தோடு முன்கூடத்தில் உட்கார்ந்துகொள்ள, வேன் கிளம்பிப் போனது.

போன பிறகுதான் எனக்கு முத்திரை ஞாபகம் வந்தது.

பெண் வீட்டில் நடந்ததைப் பெரியம்மாவே பிறகு சொன்னாள். மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்ததும் மடிப்பு விலகியிருக்கிறது. 'லாட்ஜ், குற்றாலம்' மடிப்புக்குள் போய்விட்டது. இடுப்பில் நீலமாக, பெரிதாகத் தெரிந்தது 'மரகதம்' மட்டும். பெண்ணின் பெயர் சண்முகப்பிரியா.

பெண்ணின் அத்தை குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, கூடமே கேட்கும்படி, "யாருய்யா மரகதம்?" என்றிருக்கிறாள்.

மாப்பிள்ளை சொன்ன பதில்: "எங்கள வெளிய நிறுத்துனதும் அவங்கதான், உடுத்தி விட்டதும் அவங்கதான். வயசு எழுவதுக்கு மேல." பிறகு எல்லாவற்றையும் சொன்னானாம். முதலில் சிரித்தது பெண்தான். ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாறியது.

இங்கே அவர்கள் வேன் திரும்பி வருகிற நேரத்துக்குத்தான் எண் நூறைத் தொட்டது. கம்ப்யூட்டர் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு மலைப் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. கதவெல்லாம் திறந்தது.

முருகேசன் பொழுது சாய வந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. நிச்சயதார்த்தப் படம் யார் யாரோ ஸ்டேட்டஸில் போட்டு, அவன் இருந்த கல்யாணப் பந்திக்கே போய்விட்டது. அவன் போனை என் முன்னால் வைத்து, விரலால் படத்தைப் பெரிதாக்கினான். என் பெயர் திரை முழுக்க வந்தது.

"அம்மா, கெடுத்ததும் நீங்க, காப்பாத்துனதும் நீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

"நாற்காலி?" என்றேன்.

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தீர்ப்பு வந்தது. நாற்காலி எனக்குத்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம், வாசலைப் பார்த்து. மவுஸ் ஒயர் எட்டாத தூரத்தில். பெரிய கார்டு இப்போது என் இடுப்புச் சாவியோடு தொங்குகிறது.

அந்த விரிப்பு கல்யாணப் பத்திரிகையோடு திரும்பி வந்தது. துவைத்து, தேய்த்து, மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்து. லாட்ஜ் தொடங்கிய நாளிலிருந்து வெளியே போன விரிப்பு இப்படித் திரும்பி வந்தது அது ஒன்றுதான். அதை யாருக்கும் விரிப்பதில்லை.

லாட்ஜில்தான் என்னைப் படுத்துகிறார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் கண்ணசந்தால் போதும். முருகேசன் வருகிறவர்களிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மா அப்டேட் ஆயிக்கிட்டு இருக்காங்க. பாதியில எழுப்புனா மொத்தமாப் போயிரும்" என்கிறான். ரஹ்மத் பக்கத்தில் நின்று, "முப்பத்தஞ்சுல நிக்காங்க அண்ணாச்சி" என்கிறாள்.

எனக்குக் காது கேட்கும். நூறு ஆகும்வரை கண்ணைத் திறப்பதில்லை.