செவலைக்குக் கழுத்து நிமிர்ந்த கதை

உடையப்பனுக்கு அன்றைக்குக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை. பாதி ஆயுசு புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் பஸ் ஓட்டிய இடுப்பு அது. ரிட்டயர் ஆன நாளிலிருந்து அவர் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டில் ஏற்கெனவே அவர் பேச்சைக் கேட்காதவர்களோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

"ஏங்க! இங்கிட்டு வாங்க! செவலையை வந்து பாருங்க!"

கொல்லையிலிருந்து அமுதவல்லியின் குரல். கட்டிய பெண்டாட்டி கூப்பிட்டால் போய்த்தானே ஆகணும். போனார்.

செவலைக் கோழி நின்றுகொண்டிருந்தது. நின்றது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கால் இழுத்துக்கொண்டு கிடந்தது. கழுத்து ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி திருகி, உச்சந்தலை தரைக்கும் தாடை வானத்துக்குமாக இருந்தது. அந்தக் கோலத்திலேயே பின்பக்கமாக நாலு எட்டு வைத்து, துவைக்கிற கல்லில் முட்டி, பொத்தென்று உட்கார்ந்தது.

உடையப்பன் பார்த்தார். பார்த்தவருக்கு மூக்கில் மிளகு வாசனை வந்தது.

அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. பிரஷருக்கு மாத்திரை எழுதிய டாக்டர் கறியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அமுதவல்லி குறைக்கிற சிரமமெல்லாம் வைத்துக்கொள்ளவில்லை. அடியோடு நிறுத்திவிட்டாள். நாட்டுக்கோழிகள் அவர் கண் முன்னாலேயே கொழுத்துத் திரியும். அவர் அதுகளைப் பார்த்துக்கொண்டே ரசம் சோறு தின்பார்.

"மூளைக்கு ஏறிருச்சு, அமுதா," என்றார், முகத்தை இழவு வீட்டு முகமாக வைத்துக்கொண்டு. "இனிமே தேறாது. வாயில்லா சீவன். ரொம்பச் சங்கடப்படுறதுக்கு முந்தி…"

"முந்தி?"

"வீட்டுல மிளகு இருக்கா?"

"போன மாசம் நீங்க கழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தீங்களே, அப்ப நான் மிளகு அரைச்சேனா?"

உடையப்பன் கோழியைக் கூடையில் எடுத்து வைத்தார். ஸ்கூட்டரை எடுத்தார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் மோகனப்ரியா சின்ன வயசுப் பொண்ணு. கோழியை மேசையில் விட்டு, அது தலைகீழாகச் சுற்றுவதைப் பொறுமையாகப் பார்த்தது.

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது டாக்டரம்மா," என்றாள் அமுதவல்லி. "இங்கிட்டு இருக்குற அரிசிய அங்கிட்டுக் கொத்துது."

"நரம்புக் கோளாறும்மா. வெள்ளைக்கழிச்சல் வந்து பொழச்ச கோழிக்கு இப்படி ஆகும். விட்டமின் குறைஞ்சாலும் ஆகும். பார்த்தவுடனே இதுதான்னு சொல்ல முடியாது. தடுப்பு மருந்து போட்டீங்களா?"

அமுதவல்லி புருசனைப் பார்த்தாள். ஊரில் கோழி முகாம் போட்ட அன்றைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி அவரிடம்தான் ஒப்படைத்திருந்தாள். அவர் அன்றைக்கும் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. உடையப்பன் சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"தனியா, வெளிச்சம் கம்மியா இருக்குற எடத்துல வையுங்க. இந்தச் சொட்டு மருந்தைத் தவறாமக் குடுக்கணும். தலையை நேராப் பிடிச்சுக்கிட்டு, கூழாக் கரைச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் கையால ஊட்டணும். அவசரப்பட்டா மூச்சுக்குழல்ல போயிரும். நாளாகும். பொறுமை வேணும்."

அமுதவல்லி வெளியே போன பிறகு உடையப்பன் மேசைப்பக்கம் குனிந்தார். "டாக்டரம்மா… ஒருவேளை தேறலைன்னா… சட்டியில…"

"நோய்க்கோழியச் சாப்பிடக் கூடாதுங்கய்யா. மருந்து வேற உள்ள போகுது."

உடையப்பனுக்கு அந்தக் கோழியின் மேல் இருந்த பிரியம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

ஆனால் கோழி போகவில்லை. அவர் மடிக்கே வந்தது. "நீங்க சும்மாதானே இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அமுதவல்லி நூறு நாள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். உடையப்பன் ஒரு கையால் கோழித்தலையைப் பிடித்தார். மறு கையால் கொட்டாவியைப் பிடித்தார். மருந்துச் சொட்டு பாதி கைலியில் விழுந்தது. மீதி தரையில் விழுந்தது. கூழை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தூங்கினார். சாயந்தரம் அவள் வந்து கேட்டால், "குடுத்தாச்சு, குடுத்தாச்சு." செவலை மட்டும் வானத்தைப் பார்த்தபடியே கிடந்தது.

அமுதவல்லி மருந்துக் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கைலியையும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவர் கட்டிலில் புரண்டுகொண்டிருக்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாளிடம் அவள் பேசுவது காதில் விழுந்தது. எப்போதும் பேசுகிற குரலைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் இருந்தது.

"செவலைக்குக் கழுத்து நிமிந்து நேரா நடந்துச்சுன்னா, நம்ம எல்லைக் கோயிலுக்குச் செய்யிறதா நேந்திருக்கேன் ஆரோக்கியம்."

"கோழிக்காடி நேந்தே?"

"அதுவும் நம்ம வீட்டு உசுருதானே."

உடையப்பன் எழுந்து உட்கார்ந்தார். எல்லைக் கோயில்! அங்கே கருப்பர் இருக்கிறார். கருப்பர் என்றால் கெடா. மகன் சிங்கப்பூருக்குப் போனபோது வெட்டியது கெடா. மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆனபோதும் கெடா. சாமி பிரசாதத்துக்கு எந்த டாக்டர் தடை போட முடியும்?

"அமுதா, கோயிலுக்கு என்னவோ நேந்தியாமே?"

"நேந்தத வெளிய சொல்லக்கூடாதுங்க. பலிக்காது."

"கருப்பருக்குத்தானே?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்றேன்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது வைத்தியம் இல்லை, தவம். இடுப்பு எங்கே போச்சோ தெரியவில்லை. அட்டைப்பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, கழுத்துக்குப் பழந்துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தார். சொட்டு மருந்து ஒரு துளி சிந்தவில்லை. தலையை உள்ளங்கையில் ஏந்தி, கூழைத் தொட்டுத் தொட்டு ஊட்டினார். "முழுங்கு ஆத்தா. நீ நிமிந்தாத்தான் நமக்கெல்லாம் நல்லது," என்று அதன் காதில் சொன்னார். வேலைக்குப் போகிற அமுதவல்லியிடம், "அடுப்பங்கரையில பாத்திரத்த உருட்டாத, நரம்புக்கு ஆகாது," என்று அதட்டவும் செய்தார். அவளும் சரிங்க என்றாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சரிங்க என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம் மனுசன்.

இடையில் அவளுக்குத் தெரியாமல் மல்லியும் மிளகாயும் வறுத்து, மில்லில் கொடுத்துக் கறி மசாலா அரைத்து வந்தார். மச்சினன் சிவசாமிக்குப் போன் போட்டு, "கோயில்ல ஒரு விசேசம் இருக்கு, வயித்தக் காலியா வச்சுக்க," என்றும் சொல்லிவிட்டார்.

மெல்ல மெல்ல செவலையின் தலை பக்கவாட்டுக்கு வந்தது. அப்புறம் நேராச்சு. ஒருநாள் காலையில் பெட்டியை விட்டுத் தாவி இறங்கி, முன்பக்கமாகவே நடந்து, அரிசி எங்கே கிடந்ததோ அங்கேயே கொத்தியது. உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அமுதா! நிமிந்துருச்சு! கருப்பர் கண்ணைத் தொறந்துட்டாரு! கெடாவுக்குச் சொல்லிரட்டுமா?"

அமுதவல்லி கைகூப்பி ஊர் எல்லைப் பக்கம் கும்பிட்டாள். "கெடாவா? எதுக்குங்க?"

"நேந்திருக்கியே!"

"அந்தக் கோயில்ல கருப்பரு மட்டுமா இருக்காரு? பெரியவரு அய்யனாரும் இருக்காருல்ல? நான் அவருக்கு நேந்தேன்."

அய்யனார் சுத்த சைவம். கருப்பருக்குக் கெடா வெட்டும்போது அவர் கண்ணில் படக்கூடாதென்று நடுவில் திரை போடுவார்கள். அவருக்குச் சர்க்கரைப் பொங்கல், மண் குதிரை. அவ்வளவுதான்.

"அப்ப… குதிரையா?"

"கோழிக்கு வேண்டிக்கிட்டுக் குதிரை செய்வாகளா? கோழிதான். குதிரை செய்யிற வேளாருகிட்டச் சொல்லி, மண்ணுல அழகாச் செஞ்சாச்சு. திருவிழாவுல ஊரே குதிரையத் தோள்ல தூக்கிட்டுப் போகும். நீங்க நம்ம கோழியத் தலையில வச்சுக்கிட்டுப் பின்னாடியே வந்துருங்க. லேசுதான்."

"அடியே, கெடான்னு நெனச்சுத்தானே நான் அம்புட்டுப் பாடுபட்டேன்!"

"கெடான்னு நானா சொன்னேன்? நீங்களா நெனச்சீங்க. நல்லாத்தான் நெனச்சீங்க, மருந்து ஒரு சொட்டு சிந்தல. அதை நான் எதுக்குக் கெடுக்கணும்?"

உடையப்பன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மறைத்து வைத்த மசாலா டப்பா ஞாபகத்துக்கு வந்தது. சிவசாமியின் காலி வயிறும் ஞாபகத்துக்கு வந்தது. போன இடுப்பு வலி திரும்பி வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

"நேத்தே ஊருக்குக் காப்புக் கட்டியாச்சுங்க," என்றாள் அவள், போகிற போக்கில். "திருவிழா முடியிற வரைக்கும் வீட்டுல கவுச்சி கூடாது. தலையில சுமக்குறவுக ரொம்பச் சுத்தமா இருக்கணும்."

அந்த நேரம் பார்த்து, மறுபடி பெட்டிக்குள் ஏறியிருந்த செவலை பெரிசாகக் கொக்கரித்தது. போய்ப் பார்த்தால், வைக்கோலில் சூடாக ஒரு முட்டை. குணமான பிறகு போட்ட முதல் முட்டை. அவர் கை பட்டு வளர்ந்த தெம்பு. உடையப்பன் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு பெண்டாட்டியிடம் வந்தார்.

"இதையாவது அவிச்சுக் குடு, அமுதா."

அவள் முட்டையை அவர் கையிலிருந்து பதவிசாக வாங்கிக்கொண்டாள்.

"முட்டையும் கவுச்சிதாங்க."