துரையின் பகல் தூக்கம்

அநியாயம் இழைக்கப்பட்டது துரைக்கு. துரை ஒரு நாய். மறு உத்தரவு வரும்வரை எவரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்த அன்றோடு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் அது அனுபவித்துவந்த பகல் தூக்கம் பறிபோனது. மேசைமேல் அப்பாவின் ஆபீஸ் வந்து உட்கார்ந்தது. அவர் கால் இரண்டும் துரையின் முதுகில். அம்மா பொழுது போகாமல் அதைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டித் தோலை வெளுக்க வைத்தாள். சித்தியோ, ஊரெல்லாம் பரவிக்கிடந்த நாய்த் தியானத்தில் சேர்ந்து, தூங்குகிற துரையைக் கட்டிப்பிடித்து, மூக்கோடு மூக்கு வைத்து, "மூச்சை இழு கண்ணு... இப்ப விடு" என்றாள்.

துரை விட்டது. அதில் கொஞ்சம் உறுமலும் கலந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். நாய்க்கடி முன்தடுப்பு மற்றும் மன அமைதிப் பிரிவின் அதிகாரி நேரில் எழுந்தருளினார். சோதனையில் உறுமினால் நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம்.

வீட்டின் ஒரே மகள் ஓடிவந்து துரையின் பக்கத்தில் நின்றுகொண்டாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர். துரையில்லாத வீட்டில் இந்த மூன்று பேரோடும் அவள் தனியாக எப்படிக் காலம் தள்ளுவாள்?

துரை சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அதிகாரி வெடுக்கென்று இழுத்தார். துரை உறுமியது.

"பாத்தீங்களா? ஆபத்தான பிராணி!"

"உங்க தட்டை யாராவது இழுத்தா நீங்க உறுமமாட்டீங்களா சார்?" என்றாள் வக்கீலம்மா.

"நான் நிரந்தர ஊழியர்ம்மா. உறுமலாம்."

"சரி, காப்பகத்துல வச்சு என்ன பண்ணுவீங்க?"

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லாம் விஞ்ஞான முறை. சாப்பிடும்போது கிட்ட போகமாட்டோம். தூங்கும்போது எழுப்பமாட்டோம். அதுவா வந்தாத்தான் தொடுவோம். எப்பேர்ப்பட்ட நாயும் பசு மாதிரி ஆயிடும்."

"அதை இங்கேயே பண்ணா என்ன?"

"எப்படிம்மா முடியும்? இங்க குடும்பம் இருக்கே!"

"அப்ப குடும்பத்தைப் பிடிச்சுட்டுப் போங்க!"

"அடிப்பாவி, பெத்தவளையா?" என்று அம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

சித்தி மெதுவாகக் கேட்டாள்: "அங்க நிஜமாவே யாரும் எழுப்பமாட்டாங்களா?"

"மீட்டிங் கிடையாதே?" என்று அப்பா லேப்டாப்பை மூடினார்.

அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். "சமைக்க வேண்டாமா? சாப்பாடு தட்டுலயே வந்துடுமா?" பதிலுக்குக் காத்திராமல் புடவைகளை மடிக்கப் போய்விட்டாள்.

அதிகாரி யோசித்தார். தொந்தரவுக்கு மூலகாரணமானதை அப்புறப்படுத்துக என்றுதான் விதி சொல்கிறது. அது நாலு காலில் நடக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. இதற்குமுன் எவருக்கும் எழாத சந்தேகம். வாசலுக்குப் போய் மேலதிகாரியைப் போனில் பிடித்தார். ரொம்ப நேரம் குசுகுசுவென்று பேசினார். பெட்டிகளோடு வரிசையில் நின்ற குடும்பத்திடம் திரும்பி வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நாய் இங்கேயே இருக்கலாமாம்."

வக்கீலம்மாவுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

"அப்ப நாங்க?" என்றார் அப்பா.

"காப்பகத்துல கூண்டு ஒண்ணும் காலி இல்லையாம். மேலதிகாரியே உள்ளேயிருந்துதான் பேசினார். 'மெதுவா பேசுய்யா, பக்கத்துக் கூண்டுல அமைச்சர் தூங்குறார்'ங்கிறார்."