எடஞ்சுத்தி பெண் பார்க்க வந்த கதை

கோயமுத்தூரில் எந்த வீட்டைக் காட்டினாலும், அதன் வயிற்றுக்குள் என்ன வியாதி என்று வாசற்படி மிதிக்காமலே சொல்லிவிடுகிற மனிதர் ஒருவர் இருந்தார். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்வார். இவர் கதவைக்கூடத் திறக்கச் சொல்லமாட்டார். அவருக்குப் பெயர் எடஞ்சுத்தி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் நான் பிளான் வரைந்துகொண்டிருந்த ஆறு வருஷமும் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பழைய வீடு வாங்குகிறவர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்து, "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். இன்ஜினியர் இவரை அனுப்புவார். மனிதர் இடதுகைக்காரர். இடதுகையில் ஒரு முழ நீளத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிக்கொண்டே வீட்டைச் சுற்றி வருவார். சுவர் இடதுபக்கம் இருந்தால்தானே தட்ட முடியும்? ஆகவே கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகச் சுற்றாமல், சாவு வீட்டில் சுற்றுகிற மாதிரி இடமாகச் சுற்றுவார். வீட்டுக்காரர்களுக்குப் பகீரென்று இருக்கும்.

"ஏனுங்க, பூசை பண்ணுற ஊடுங்க. வலமா வாங்களேன்!"

"வலமா வந்தா வலதுகையில தட்டோணுமுங்க. அதுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. சோறு திங்க மட்டுந்தான் அதைப் பழக்கியிருக்கறனுங்க."

போத்தனூர்ப் பக்கம் ஒரு பங்களா. வெள்ளையடித்துக் கல்யாணப் பெண் மாதிரி நிறுத்தியிருந்தார்கள். இவர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "முழங்காலுக்குக் கீழ மட்டும் ஏனுங்க ரெண்டு கோட்டிங்கு?" என்று கேட்டார். விற்கிறவர் மழுப்பினார். "பவுடரு எங்க தூக்கலா இருக்குதோ அங்கதானுங்க பரு இருக்கும்" என்று சொல்லி ஸ்க்ரூ டிரைவரால் ஒரு சுரண்டு சுரண்டினார். உள்ளேயிருந்து ஓதம் ஏறிய காரை புட்டு மாதிரி உதிர்ந்தது. இன்னொரு வீட்டில் சுவரோரம் மண்டியிட்டு, காற்றுப் போகிற ஓட்டையில் மூக்கை வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தவரை, திருடன் என்று நினைத்து அக்கம்பக்கத்தார் பிடித்துவிட்டார்கள். அப்போதும் அவர், "சித்த இருங்க, இன்னும் ஒரு ஓட்டை பாக்கியிருக்குது" என்றாராம்.

இப்பேர்ப்பட்டவரை நான் பெண் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போனேன். புத்தி கெட்டுப்போய் அல்ல, கணக்கு இடித்தது. என் தாய்மாமா ஒருவர், உடம்பும் குரலும் பெரிது என்பதால் எங்களுக்குப் பெரிய மாமா. வேன் கிளம்பும் நேரத்தில் தலைகளை எண்ணினார். என்னையும் அம்மாவையும் சேர்த்து ஆறு பேர்.

"நல்ல காரியத்துக்கு ரெட்டைப்படையாப் போகக் கூடாது. மாப்ள, இன்னொருத்தரைப் புடி!"

வேனுக்குப் பக்கத்தில், எங்கள் வாடகை வீட்டின் சாக்கடையை எட்டிப் பார்த்தபடி எடஞ்சுத்தி நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்கப் போகிறேன் என்று ஆபீசில் நான் லீவு கேட்டது தெரிந்து, வாழ்த்துச் சொல்ல வந்தவர். ஏழாவது ஆளாக ஏற்றிவிட்டார் மாமா. வழி முழுக்க அவர் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஊடு எந்தக் காலத்துல கட்டுனதுங்க?" என்று மட்டும் கேட்டார்.

கிணத்துக்கடவைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் பழைய வீடு. அதற்கு முன் மூன்று இடங்களில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் பெண்ணின் போட்டோவைப் பத்து நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. அந்த நிலைமையில் இருந்தேன்.

பெண்ணின் அப்பா கைகூப்பி வரவேற்றார். அந்தப் பக்கத்து வீடுகளில் முன்கூடத்தை ஆசாரம் என்பார்கள். ஆசாரத்தில் ஜமக்காளம் விரித்து, பஜ்ஜித் தட்டுகள் வைத்திருந்தார்கள். உட்கார்ந்தோம். மாமா பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். ஆறு.

"அந்த ஆளு எங்கே?"

டொக், டொக் என்று ஆசாரத்தின் பக்கச் சுவருக்கு வெளியே சத்தம் கேட்டது. பெண்ணின் அப்பா முகம் கறுத்தது. மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, உள்ள வாங்க! நீங்க வெளிய நின்னா நாங்க ஆறு பேருங்க!"

"நான் வரலீங்க. நீங்களும் வெளிய வந்துருங்க" என்று பதில் வந்தது.

பெண் வீட்டில் காலை வைக்காமல் நின்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண் வேண்டாம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பெண்ணின் அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தபடி வெளியே இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"என்ற ஊட்டுல அப்படி என்னங்க கொறை கண்டீங்க?"

"ஊட்டுக்காரங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஊட்டு மேலதானுங்க." எடஞ்சுத்தி சுவரின் அடியில் பேஸ்மட்டத்தைக் காட்டினார். "ஆசாரத்துக்கு அடியில காலி எடம் இருக்குதுங்களா?"

இருந்தது. அந்தக் காலத்தில் கடலைக்காய் மூட்டை போட்டுவைக்க, தவழ்ந்து போகிற உயரத்தில் நிலவறை கட்டி, பனங்கட்டை உத்தரம் போட்டு, அதன்மேல் தரை போட்டிருந்தார்கள். யாரும் புழங்கி வெகுகாலம்.

"காத்துப் போற ஓட்டை ஏழையும் சிமெண்டு வெச்சு அடைச்சுப்போட்டீங்க."

"பெருச்சாளி வந்துதுங்க."

"பெருச்சாளியே தேவலைங்க. இதப் பாருங்க, அடைச்ச எடத்துக்கு மேல கரையான் கோடு போட்டுட்டுப் போயிருக்குது. அதுக்கு மேல செவுரு கோணலா வெடிச்சிருக்குது. பாத்திரம் கழுவுற தண்ணி வெளிய போகாம செவுத்துக் காலுக்கே வருது. உள்ள உத்தரம் என்ன கதியில இருக்குமுன்னு நான் போய்ப் பாக்கோணுமுங்களா?"

பெண்ணின் அப்பா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இதைத்தானுங்கப்பா நான் மூணு மாசமாச் சொல்றேன். ஆசாரத்துல ஆரு நடந்தாலும் அலமாரியில டம்ளரெல்லாம் குலுங்குதுன்னு. ஆரு கேட்டீங்க?"

அவள்தான். பட்டுச்சேலையும் பூவுமாக, வெளியே நிற்கிற விருந்தாளிக்குக் காப்பி கொண்டுவந்திருந்தாள். தட்டோடு குனிந்த தலையாக வந்து நிற்பாள் என்று ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எடஞ்சுத்தி கையில் காப்பியைக் கொடுத்துவிட்டு, "கடப்பாரை வேணுமுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

கடப்பாரை வந்தது. நடு ஓட்டையின் சிமெண்டை அவர் பெயர்த்தார். மக்கிய வாசனை குப்பென்று அடித்தது. பெண்ணின் அப்பா டார்ச்சை வாங்கி, தரையில் மண்டியிட்டு உள்ளே பார்த்தார்.

மற்றவர்களெல்லாம் பயந்து வெளியே வந்துவிட்டார்கள். பெரிய மாமா மட்டும் பஜ்ஜித் தட்டோடு ஆசாரத்திலேயே இருந்தார். "செவுத்தைத் தட்டிப் பொழைக்கிற ஆளு சொன்னா நான் எந்திரிச்சுருவனா? பாருங்க, தரை இரும்பாட்டம் இருக்குது!" என்று எழுந்து நின்று ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

வெளியே பெண்ணின் அப்பா டார்ச்சைத் திருப்பினார்.

"ஏனுங்க, உள்ள ஒரு காலு தொங்குதுங்க."

"ஆரு காலுங்க?" என்று அம்மா கேட்டார்.

அதற்குள் மாமாவின் அலறலே பதில் சொல்லிவிட்டது. நாலு பேர் பலகை போட்டு, அதன்மேல் நின்று, அவரை மேலே தூக்கினோம். சிராய்ப்பைத் தவிர ஒன்றுமில்லை. பஜ்ஜித் தட்டை அவர் கடைசிவரை விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பெண்ணின் அப்பா ஓட்டைக்குள் கைவிட்டு உத்தரத்தில் ஒரு பிடி பிய்த்து எடுத்தார். காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது.

"நிச்சயத்தன்னிக்கு ஒறம்பரை சனம் நூறு பேரை இதுமேல உக்கார வெச்சிருப்பனுங்களே. கொழந்தை குட்டியெல்லாம் இருக்குமே" என்றார். எடஞ்சுத்தியின் இடதுகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்துத்தான்.

ஜமக்காளம் தென்னை மரத்தடிக்கு வந்தது. ஏழு பேரும் உட்கார்ந்தோம். பேச்சு அங்கேயே முடிந்தது. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேக்கறவங்களாத் தெரியுது" என்று அவள் சொன்னதாக உள்ளேயிருந்து செய்தி வந்தது. என்னைத்தான் சொன்னாளா, எடஞ்சுத்தியைச் சொன்னாளா என்று இன்றுவரை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பும்போது வேனில், பெண் எப்படி என்று அவரைக் கேட்டேன்.

"ஊட்டுக்குள்ள என்ன சத்தம் வருதுன்னு மூணு மாசமாக் காது குடுத்துக் கேட்டிருக்குதுங்க அந்த அம்மணி. நீங்க பாத்துச் சூதானமா இருந்துக்குங்க."

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்குப் போனோம். மாமனார் நிலவறையைத் தூர்த்து, ஆசாரத்துக்குக் கல்பாவிப் புதுத் தரை போட்டிருந்தார். மாலையும் கழுத்துமாக நானும் என் மனைவியும் வாசலில் நின்றோம். ஆரத்தித் தட்டு தயாராக இருந்தது. வலதுகாலை எடுத்து வைக்கப் போனேன். மாமனார் குறுக்கே கையை நீட்டினார்.

"மாப்பிள்ளை, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு உள்ள வராமயே போயிட்டாருங்க அவரு. இந்தத் தரையில மொதக் காலு அவருதான் வெக்கோணும்."

எங்களோடு விருந்துக்கு வந்திருந்த எடஞ்சுத்தியைக் காணோம். டொக், டொக் என்று பின்பக்கம் சத்தம் கேட்டது. சூடம் அணைந்தது, வேறு சூடம் வைத்தார்கள். பெரிய மாமா, பந்திக்கு நேரமாச்சு என்று முனகினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"கூப்புடட்டுமா?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். அவர் பார்த்துட்டு வரட்டும்" என்றேன். அன்றைக்கு எனக்கு ஓர் அவசரமும் இல்லை.