புரொசருக்குப் போர்த்திய பொன்னாடை

"இன்னும் பதினொரு ஆள் வேணும்," என்றார் யோகலிங்கம், தலைகளை மூன்றாம் முறையாக எண்ணிவிட்டு. ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவா மண்டபத்தில் எட்டுப் பெண்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஞானரட்ணமும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

வெல்ஷ் எழுத்தாளர்களுக்குத் துணைநிற்கும் இலக்கிய நிறுவனம் ஒன்று, 2006இல் தன் நாட்டில் நாவல் பரிசு பெற்ற ஜி. புரொசரை ஒஸ்லோத் தமிழரிடம் அனுப்பியிருந்தது. புரொசர் தன் நாவலை வாசிப்பதை இருபது பேர் கேட்டுக் கையெழுத்திட்டால், பதிலுக்கு யோகலிங்கத்தின் சிறுகதை வெல்ஷ் மொழியில் அச்சேறும். பதினான்கு வருடமாக அந்தக் கதையை ஒருவரும் முழுதாக வாசித்ததில்லை, அவர் மனைவி புஷ்பமலர் உட்பட. வேல்ஸ்காரராவது வாசிக்கட்டுமே! இதை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"பாலேந்திரன், உடனை வாரும்."

"எனக்கொரு வாழ்த்துரை தந்தால் வாறன்."

"தந்தன். வாரும்!"

செய்தி பரவியது. அரை மணித்தியாலத்தில் பன்னிரண்டு ஆண்கள் மனைவிமாரோடு வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேரின் சட்டைப்பையிலும் பேச்சு இருந்தது. ஏழு பேர் பொன்னாடையும் கொண்டுவந்திருந்தார்கள்.

விருந்தினர் துணையோடு வந்து சேர்ந்தார். "மிஸ்டர் புரொசர்!" என்று யோகலிங்கம் ஓடிப்போய் அந்த நெட்டை மனிதரின் கையைப் பிடித்தார். மனிதர் வெட்கத்தோடு தலையாட்டினார். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மேடம், டீ, டீ," என்று அவருக்குத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்த குசினியைக் காட்டிவிட்டு, மனிதரை மேடைக்கு இழுத்துப் போனார்.

வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை. பிறகு பாலேந்திரனின் வாழ்த்துரை. அது சங்க காலத்தில் தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகக் குசினிக்குள் நழுவினார்கள். யோகலிங்கம் எண்ணிப் பார்த்தார்: மண்டபத்தில் மிச்சம் பதினாலு பேர்.

"இஞ்சேரும், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாரும்," என்று புஷ்பமலரை அனுப்பினார். கையெழுத்துத் தாளோடு போன புஷ்பமலரும் திரும்பவில்லை.

குசினியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு கைதட்டல்!

"நான் கதைக்கிறதோ, அவையள் கதைக்கிறதோ?" என்று பாலேந்திரன் ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

யோகலிங்கம் எழுந்து போய்க் குசினிக் கதவை இறுக்கிச் சாத்தினார்.

ஆறு மணிக்கு மண்டபத்தைப் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆறுக்கு மூன்று நிமிடம் இருக்கையில், காதுவரை ஏழு பொன்னாடை போர்த்தியிருந்த மனிதருக்கு ஒலிவாங்கி கிடைத்தது. அவர் எழுந்தார், குசினிக் கதவைப் பாவமாகப் பார்த்தார், "தேங்க் யூ" என்றார், உட்கார்ந்துவிட்டார்.

"அவர் ஒரு வரியும் வாசிக்கேல்லை. பொய்க் கையெழுத்து நான் வைக்கமாட்டன்," என்றார் ஞானரட்ணம்.

யோகலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. பதினான்கு வருடம் காத்திருந்தது இப்படியா முடிய வேண்டும்?

குசினிக் கதவு திறந்தது. புஷ்பமலர் கண்ணைத் துடைத்தபடி வந்து தாளை நீட்டினாள். இருபது கையெழுத்து.

"இதென்ன? ஒருத்தரும் வாசிக்கவே இல்லையே!"

"நீங்கள் பொன்னாடை போர்த்தின மனுசன் ஊரிலை ஆடு வளர்க்கிறவராம், பரிசு வாங்கின புரொசர் அவரோடை வந்த மனுசிதான், இவ்வளவு நேரமும் குசினிக்குள்ளை எங்களுக்கு வாசிச்சுக்கொண்டிருந்தவ."