புலவருக்கு ஒரு துண்டு கொய்யா

என் வலது கை ஆள்காட்டி விரலில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால், "தறியில பட்டது" என்று சொல்லிவந்தேன். ஆரணிக்காரன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். சிலர் அந்த விரலைத் தொட்டுப் பார்த்து, "பாவம், நெசவாளர் கஷ்டம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறார்கள். நானும் கண்களைத் தாழ்த்திக்கொண்டு அந்த அனுதாபத்தை வாங்கிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நான் தறியில் உட்கார்ந்ததே இல்லை. (ஒரு தடவை உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் அப்பா எழுப்பிவிட்டார்.) அது கிளி கடித்த தழும்பு.

தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்கு உயர்நிலைப் பள்ளியில் வாத்தியார் வேலை கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. தேசூரிலிருந்து பஸ்ஸில் வரும் சக ஆசிரியர் ஒருவர், கோடை விடுமுறை விடுகிற அன்று ஒரு மஞ்சள் பையை என்னிடம் நீட்டினார். காற்றில் சாய்ந்த பனைமரத்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு என்றார். அவருடைய விரல்களில் வரிசையாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்ததெல்லாம் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் என்னைப் பார்க்கிறார்கள் என்பதைத்தான். "லீவு முடிஞ்சி வரும்போது இது வெண்பா சொல்லும் பாருங்க" என்று அறிவித்துவிட்டேன்.

(கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் வாரமே காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்திருப்பேன். லாக்கப்பில் கிளி இருக்காது.)

வெண்பா சொல்லப்போகிற பறவை என்பதால் அதற்குப் 'புலவர்' என்று பெயர் வைத்தேன். அம்மா ஒரே ஒரு தடவை அதற்குச் சோறு வைத்துவிட்டு, கையை உதறியபடி, "பேஜாரு புடிச்சது" என்றாள். அன்றிலிருந்து எங்கள் தெரு முழுக்க அதன் பெயர் பேஜார். புலவர் என்று கூப்பிட்டவன் நான் ஒருவன்தான். என்னைத்தான் அது அதிகமாகக் கடித்தது.

மற்றவர்களுக்கு ஒரு கிளி கடித்தால், 'கடிக்கிறது, விட்டுவிடுவோம்' என்று தோன்றும். எனக்கு நூலகத்துக்குப் போகத் தோன்றியது. அட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. அதில் இரண்டு உபதேசங்கள் இருந்தன. முதலாவது, கிளி கடிக்கும்போது கத்தாதே. நீ கத்துவதை அது கைத்தட்டல் என்று நினைத்துக்கொள்ளும். நான் அதுவரை அதற்கு எவ்வளவு கைத்தட்டல் கொடுத்திருந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. இரண்டாவது, விரலுக்குப் பதிலாகக் கடிக்க வேறு பொருள் கொடு. அதைக் கடித்தால் பாராட்டி, தின்னவும் ஏதாவது கொடு.

வேறு ஊராக இருந்தால் மரக்கட்டையோ தேங்காய் நாரோ கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் எங்கே கைவிட்டாலும் கிடைப்பது கழிவுப் பட்டுநூல். ஒரு கொத்தை அள்ளிக் கூண்டில் போட்டேன். அது புலவரின் காலில் சுற்றிக்கொண்டது. யோசித்தேன். (என் வாழ்க்கையின் பெரும் சேதங்கள் எல்லாம் இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கின்றன.) ஒரு மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் ஆணி அடித்து, பட்டு இழைகளை வரிசையாக, விறைப்பாக இழுத்துக் கட்டினேன். காலில் சிக்காது. அலகால் ஓர் இழையைக் கவ்வி இழுத்தால் 'டக்' என்று அறும். அறுந்ததும் நான் "சபாஷ்" என்பேன்; ஒரு துண்டு கொய்யா கொடுப்பேன்.

தறியில் உட்கார்ந்திருந்த அப்பா அதைப் பார்த்தார்.

"இன்னாடா அது?"

"கிளிக்குப் பயிற்சிப்பா."

"தறி மாதிரியே கீது. சரி, உனக்குத்தான் வரல. அதுனா பொழைக்கட்டும்."

பயிற்சி அற்புதமாக வேலை செய்தது. பள்ளி திறப்பதற்குள் புலவர் என் விரலை அடியோடு மறந்துவிட்டார். சட்டத்தைக் கண்டாலே இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு பாய்வார். டக், சபாஷ், கொய்யா. டக், சபாஷ், கொய்யா. வெண்பாதான் வரவில்லை. ஆனாலும், என் மாணவர்கள் யாரிடமும் காணாத முன்னேற்றத்தை நான் அதனிடம் கண்டேன்.

என் பெருமையில் ஒரே ஒரு முள். என் தங்கை கோமதி. அவள் அந்தக் கிளிக்கு எதுவுமே சொல்லித் தரவில்லை. உள்ளறை மூலையில், கூண்டுக்குப் பக்கத்தில், ராட்டை முன்னால் உட்கார்ந்து, அப்பாவுக்குக் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் வேர்க்கடலை வைத்துத் தின்பாள். நாலு கடலையை மடியில் போட்டுவிட்டு, வேலையைப் பார்ப்பாள். ராட்டை 'கிர்ர்' என்று சுற்ற ஆரம்பித்தால், புலவர் உள்ளே எங்கிருந்தாலும் நடந்துபோய் அவள் முழங்காலில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அவளை ஒரு தடவைகூடக் கடித்ததில்லை.

"எப்டிடி?" என்று கேட்டேன்.

"நான் இன்னாணா பண்றேன்? அது குந்திகினு கீது. நானும் குந்திகினு கீறேன்."

புத்தகத்தில் அப்படி ஒரு முறை இல்லை என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கோமதிக்கு அந்த ஆவணியில் கல்யாணம். கண்ணமங்கலத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர்கள் வீட்டுச் சம்பந்தம். இதற்கு முன் ஒரு சம்பந்தம் கூடி வந்து, பூ வைக்கிற அன்றே தட்டிப்போயிருந்தது. வந்தவர்கள் முன்னால் காபி டம்ளர் கவிழ்ந்ததை அவர்கள் சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். (டம்ளரைத் தட்டிவிட்டவன் நான்தான்.) அதிலிருந்து கோமதி ஒரு வருடம் எந்த விசேஷத்துக்கும் வர மறுத்தாள். இந்த இடமும் போய்விடக் கூடாதே என்று அம்மா வேண்டாத தெய்வம் இல்லை.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. மாப்பிள்ளையின் அம்மா, "ஆரணியில பொண்ணு எடுத்துட்டு, கடையில புடவ எடுப்பாங்களா? சம்பந்தி தறியிலயே நெய்யட்டும்" என்று சொல்லிவிட்டார். நிறமும் அவரே சொன்னார்: மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். அந்தப் புடவை தறியில் இருந்த நாளெல்லாம், அந்தப் பக்கம் கத்திரிக்கோலைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள். முகூர்த்தப் புடவை முடிவதற்குள் அதன் பக்கத்தில் வெட்டுகிற பொருள் எதுவும் வரக் கூடாதாம். கத்திரிக்கோலை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். கூண்டைப் பற்றி யாருக்கும் நினைவில்லை.

புடவை பாதிக்கு மேல் வந்தபோது, சம்பந்தியம்மா பார்க்க வந்தார். கூடவே அவர் வீட்டுக்காரரும். (அவர் இந்தக் கட்டுரையில் பேச மாட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.) அப்பா தறியில் இருந்தார். எங்களுடையது குழித்தறி, கால்கள் இரண்டும் பள்ளத்துக்குள் இருக்கும், நினைத்தவுடன் எழுந்துவிட முடியாது. சம்பந்தியம்மா தறியருகே நின்று, நிறம் நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

எனக்கோ, முந்தைய டம்ளர் விவகாரத்துக்குப் பரிகாரமாக, இந்தத் தடவை விருந்தாளிகளை அசத்திவிட வேண்டும் என்று இருந்தது. உள்ளே போய், புலவரைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒரு மகாராஜாவைப் போலக் கூடத்துக்குள் வந்தேன்.

புலவர் அன்றுதான் முதல்முறையாகக் கூடத்தைப் பார்த்தார். நெசவுக்கு நீளமாகப் போட்ட பாவு: விறைப்பாக இழுத்துக் கட்டிய பட்டு இழைகள், ஆயிரக்கணக்கில், மாம்பழ மஞ்சளில், சுவரிலிருந்து தறி வரைக்கும். தன் சின்னச் சட்டத்தை இவ்வளவு பெரிதாகச் செய்து வைத்திருக்கிறானே நம் வாத்தியார் என்று அதற்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். பறந்துபோய்ப் பாவின்மேல் உட்கார்ந்தது.

டக்.

திரும்பி என்னைப் பார்த்தது.

டக். மறுபடியும் பார்த்தது. கழுத்தைச் சாய்த்து, கூலிக்கு நிற்கிற பார்வை.

"யாரும் கைய வீசாதீங்க" என்றார் அப்பா மெதுவாக. "அடிச்சிகினு பறந்தா மொத்தப் பாவும் பூடும்."

"டேய், ஜல்தி எதுனா பண்ணுடா" என்றாள் அம்மா.

நான் உள்ளே ஓடி ஒரு துண்டு கொய்யாவை எடுத்துவந்து நீட்டினேன். வந்தது. தோளில் உட்கார்ந்து, நிதானமாகத் தின்றது. திரும்பிப் பறந்துபோய், பார்டர் பக்கமாக உட்கார்ந்து, டக் டக்கென்று இரட்டிப்பு உற்சாகத்தோடு வேலையைத் தொடர்ந்தது. நான் மறுபடியும் கொய்யாவை நீட்டினேன்.

"அடப்பாவி, கூலி குடுத்து அறுக்க வெக்கிறியேடா" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சம்பந்தியம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் படித்தவன் இல்லையா, சமாளித்தேன். "கிளி உக்காந்தா நல்ல சகுனங்க, அத்தை. அம்மன் கையிலயே கிளிதானே இருக்குது."

"அம்மன் கையில இருக்கற கிளி கடிக்காது, தம்பி" என்றார்.

அப்போதுதான் கோமதி சமையலறையிலிருந்து வந்தாள். பாவைப் பார்த்தாள். கூடத்தில் எல்லோரும் அவள் அழப்போகிறாள் என்று நின்றார்கள். டம்ளர் கவிழ்ந்த அன்று அழுதவள் அவள். இன்று அவள் உள்ளறை மூலைக்குப் போய், ராட்டை முன்னால் உட்கார்ந்து, நூலைப் பூட்டிச் சுற்ற ஆரம்பித்தாள். கிர்ர்.

புலவர் தலையைத் தூக்கினார். என்னை ஒரு தடவை பார்த்தார், கொய்யாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு பாவிலிருந்து இறங்கி, தரையில் தத்தித் தத்தி நடந்துபோய், அவள் முழங்காலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். அவள் ஒரு கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே, மறு கையால் அதைப் பொத்தி எடுத்துக் கூண்டில் விட்டு, கதவைச் சாத்தினாள். அப்புறம் பாவுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். அப்பா இந்தப் பக்கமிருந்து அவளுக்கு இழையை எடுத்துக் கொடுத்தார்.

அம்மா, "மன்னிச்சிக்கங்க... வேற பாவு போட்டு, வேற புடவ நெய்ஞ்சி..." என்று ஆரம்பித்தாள்.

"எதுக்கு?" என்றார் சம்பந்தியம்மா. "முடிச்சு போட்டா எவ்ளோ தெரியும்?"

"கையகலம் ஒரு தடம் தெரியும்ங்க" என்றார் அப்பா. அவருக்குப் பொய் சொல்ல வராது.

"கொசுவத்துக்குள்ள போயிடும்ல?"

"போயிடும்."

"அப்ப விடுங்க. எல்லா வீட்டுலயும் ஒரு கோளாறு இருக்கும். கொசுவத்துக்குள்ள வெச்சிக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுது எதுன்னு தெரியாமதான் இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன். இப்ப தெரிஞ்சிபோச்சி, நிம்மதி."

பிறகு கோமதி பக்கம் திரும்பி, "எங்க கடையில நாள் பூரா கூச்சல்தான், கண்ணு. நீ தாங்குவ" என்றார். கோமதி குனிந்தபடியே தலையாட்டினாள். அவள் கண்ணில் நீர் வந்தது அப்போதுதான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கோமதி கண்ணமங்கலம் போன பிறகு, ராட்டை சத்தமில்லாத மூலையில் புலவர் போய் உட்கார்ந்துகொள்வதைப் பார்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் வேர்க்கடலை வாங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். சபாஷும் சொல்லவில்லை, சட்டத்தையும் எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவளில்லாத வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஒரு சாயங்காலம் அது என் முழங்காலில் ஏறி, அந்தப் பழைய தழும்பை அலகால் மெல்ல வருடிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது. அவ்வளவு பெரிய பட்டம் எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை. கூண்டைத் திறந்தே வைத்தேன். ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், மேலே கத்திக்கொண்டு போன கூட்டத்தோடு அதுவும் போய்விட்டது.

கோமதி அந்தப் புடவையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். விசேஷங்களில் கொசுவத்தை விரித்து அந்தத் தடத்தைக் காட்டி, "எங்கண்ணன் சீர்" என்பாள். நான் எதையாவது கெடுத்துவிட்டுப் பெருமையோடு திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "அவனுக்கு ஒரு துண்டு கொய்யா குடுங்க" என்பார்கள். எனக்கும் பழகிவிட்டது. அந்தக் கிளியும் அந்தச் சம்பந்தியம்மாவும் இல்லையென்றால், என் தங்கைக்கு இப்படி ஒரு வீடு வாய்த்திருக்குமா என்று நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

பல வருடம் கழித்து, பள்ளியில் எனக்கு ஒரு சின்னப் பாராட்டு விழா நடத்தினார்கள். சிறந்த ஆசிரியர் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். நான் அந்தச் சால்வையைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்து அப்பா முன்னால் நின்றேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்து, பட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சொன்னார்:

"எல்லாம் சரிதான். ஆனா நீ சொல்லிக் குடுத்தத அப்டியே கத்துக்கினது அந்தக் கிளி ஒண்ணுதான்டா."