அந்த மீசை என்னுடையது அல்ல

பாசமுள்ள அண்ணனுக்கு உன் தங்கை எழுதுவது. இங்கே என் தலைமுடியைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீயும் அண்ணியும், நீ காயப்போட்டிருக்கும் இலைகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ என்னைப் பேசவிடமாட்டாய் என்பதால் இந்தக் கடிதம்.

நேற்று நான் அனுப்பிய நாக்குப் படத்தின் ஓரத்தில் தெரிந்த மீசை என்னுடையது அல்ல. மருந்து ஏற்றி ஏற்றித் தங்கச்சிக்கு மீசை முளைத்துவிட்டது என்று நீ அழுததாக அண்ணி சொன்னார். இருந்த புருவமே கொட்டிப்போய் மையால் வரைந்துகொண்டிருக்கிறேன், இதில் மீசைக்கு எங்கே போவேன். அது உன் மச்சானுடைய மீசை. நாக்கும் அவருடையதுதான். "பச்சை நல்லா பிடிச்சிருக்கு, வியாதி ஓடிடும்" என்று இத்தனை நாள் நீ பார்த்துப் பூரித்ததெல்லாம் அவர் நாக்கைத்தான்.

கோபப்படாதே, நடந்ததைக் கேள். முதல் பொடி டப்பாவோடு ஒரு செய்தியை வெட்டி அனுப்பினாயே, அந்த இலைச்சாறு பட்டதும் புற்றுநோய்ச் செல் செத்துப்போச்சு என்று, அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். முழுசாகப் படித்தார், சிரிக்கவில்லை, நல்ல மனுஷி. "இது கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லும்மா. நல்ல ஆராய்ச்சிதான். ஆனா தட்டுக்கு ஈரல் கிடையாது, உங்களுக்கு இருக்கு. சிகிச்சை முடியறவரைக்கும் எந்தப் பொடியும் வேணாம், மருந்தோட மோதிடும்" என்றார். எங்க அண்ணனுக்கு மூலிகைன்னா உசுரு என்றேன். "அப்ப அவர்கிட்ட சொல்லுங்க, உங்களுக்கு ஏத்தற மருந்தே ஒரு மரப்பட்டையில கண்டுபிடிச்சதுதான். உடம்பு எவ்வளவு தாங்கும்னு வருஷக்கணக்கா பாத்து, அளந்து குடுக்கறோம்" என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. துணி நல்ல துணியாகவே இருக்கட்டும், அளவெடுக்காமல் கத்தரி வைத்தால் என்ன ஆகும் என்று என் தையல் மிஷினே சொல்லும்.

ஆனால் உன்னிடம் யார் சொல்வது? நீயோ பொடி குடித்த பச்சை ஒட்டியிருக்கிறதா பார்க்க, விடிந்ததும் "நாக்கக் காட்டு" என்கிறாய். கடைசியில் உன் மச்சான், "கொண்டா, நான் குடிச்சுத் தொலைக்கிறேன். உங்க அண்ணன் மனசு நோகக் கூடாது" என்று வாங்கிக் குடித்தார். பஸ் ஓட்டுகிற மனுஷன். ஒருநாள் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பெட்ரோல் பங்க்குக்குள் ஓடியவர் திரும்பவே இல்லை. ஜனங்கள் சண்டைக்கு வர, கண்டக்டர், "அவரு சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லைங்க, அதுக்காக இவரு மருந்து குடிக்கிறாரு, வயித்தக் கலக்குது" என்றானாம். யாருக்கும் ஒன்றும் புரியாமல் சண்டை அடங்கிப்போனது. நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவர் ஒரு கொட்டாவி விட்டார், பச்சை நாக்கு பளிச்சென்று தெரிந்தது. டாக்டரம்மா என் ரிப்போர்ட்டை அப்படியே வைத்துவிட்டு, "இவருக்கு என்னாச்சு?" என்று அவரைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். நான் துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.

ரிப்போர்ட்டில் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. பொடிதான் காரணம் என்று ஆரம்பிக்காதே, அதைக் குடித்த ஆளுக்குச் சுருங்கியது தொப்பை மட்டும்தான். வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நீ வர வேண்டாம். ஊசியைப் பார்த்தாலே சுவரைப் பிடிக்கிற ஆள், நீ வந்தால் நர்ஸுக்கு ரெட்டை வேலை. எனக்கு ஒரு பயமும் இல்லை. நிம்மதியாக இலை காயப்போடு.

அண்ணிக்கு என் அன்பு, மருமக்களுக்கு ஆசி. எல்லாரும் வாய் நிறையச் சிரித்து, நாக்கு சிவப்பாக நல்லா இருங்கள்.

இப்படிக்கு,
மீசை இல்லாத உன் தங்கை

பி.கு.: உன் மச்சான் இதைப் படித்துவிட்டு, "பயமில்லைன்னு எழுதியிருக்கியே, ராத்திரியெல்லாம் என் கையப் பிடிச்சு நசுக்கறது யாரு?" என்கிறார். வியாழக்கிழமையே வந்துடு அண்ணே. டப்பா வேணாம், வெறுங்கையோட வா. மயக்கம் வந்தா படுத்துக்கலாம், பக்கத்துக் கட்டிலை உனக்காகக் கேட்டு வெச்சிருக்கேன்.