குப்பியில் சேரும் தகுதி

உலக நாகரிகத்துக்கு எங்கள் கரையோரம் அளித்த கொடைகளில் தலையானது, பல்கலைக்கழக மன்றங்களுக்கு மாணவர்கள் சூட்டிய பட்டப்பெயர்களே. நெல்லும் மீனும் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அங்கே இலக்கிய வட்டத்தை இலக்கிய வட்டம் என்பவர் நாகரிகம் தெரியாதவர். அது 'கொட்டாவி'. விவாதக் கழகம் 'தேத்தண்ணி'. சுற்றுலாக் கழகம், போன வருடம் பஸ் பழுதாகிப் பாண்டிருப்பு ஊரோடு திரும்பி வந்ததால், 'பாண்டிருப்பு'. இப்படி நாற்பது மன்றங்கள், நாற்பது பெயர்கள்.

மருதமுனை சஹ்லாவுக்கு இதன் அருமை தெரியவில்லை. பாவம், படிக்க வந்த பிள்ளை. புள்ளிவிபரவியல் அவளுக்கு ஒரு சொட்டும் விளங்கவில்லை. தவறினால் திரும்ப எழுதலாம். ஆனால் எத்தனை கெட்டித்தனமாக எழுதினாலும் 'சி'க்கு மேல் கிடையாது. விரிவுரையாளராவதற்கு வேண்டிய வகுப்புச் சித்தி கனவோடு சரி. வாப்பாவோ, மகள் விரிவுரையாளராகப் போகிறாள் என்று கல்முனைச் சந்தையில் ஒரு கடை விடாமல் சொல்லி வைத்திருந்தார். ஆகவே, சீனியர்கள் இலவசமாகப் பாடம் சொல்லித் தரும் 'குப்பி'யைத் தேடிப் போனாள்.

குப்பியின் தலைவர் அஸ்ஹர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"விவாதக் கழகத்துக்கு என்ன பேர்?"

"விவாதக் கழகம்தானே நானா?"

"யா அல்லாஹ்! இந்தப் புள்ளைக்கு அடிப்படையே இல்ல. நாப்பதையும் பாடமாக்கிட்டு வாங்க. அதுக்குப் பொறகுதான் கணக்கு."

மூன்று கிழமை பாடமாக்கினாள். 'நேர்முகப் பரீட்சை'யில் முப்பத்தொன்பது சரி. சதுரங்கக் கழகத்தில் வழுக்கிவிட்டாள். மறு கிழமை நாற்பதும் சரி. கைதட்டல், தின்ன ரோல்ஸ், குழுப்படம்.

"நானா, இப்ப கணக்கத் தொடங்குவமா?"

"நாளைக்கு சோதின. இனி எங்க புள்ள நேரம்? துஆ செஞ்சிட்டுப் போங்க."

தவறினாள். வாப்பா ஒரு கிழமை சந்தைப் பக்கமே போகவில்லை. அதைத்தான் சஹ்லாவால் தாங்க முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

அடுத்த வருடம் ரிப்பீட் எழுதப் போனால், முன் கதிரையில் அஸ்ஹர்.

"நானா, நீங்க இஞ்ச மேற்பார்வைக்கா?"

"இல்ல தங்கச்சி, மூணாந்தரம் எழுதுறன்." அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "முதலாங் கேள்வி உங்களுக்கு ஏதும் வெளங்குதா?"

சஹ்லாவுக்குக் குப்பியில் கணக்கு ஏன் தொடங்கவேயில்லை என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

வெளியே வந்தபோது முதலாம் வருட அப்னா கொப்பியோடு காத்து நின்றாள்.

"ராத்தா, புள்ளிவிபரம் ஒண்டும் வெளங்குதில்ல. கொஞ்சம் சொல்லித் தருவீங்களா?"

சஹ்லா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"விவாதக் கழகத்துக்கு என்ன பேர்?"